பச்சைக் கோடு

"ஆட்டாதீங்க அண்ணா, பிளேடு பட்டுடும்" என்றார் சின்னவர்.

பெரியவர் எங்கே ஆட்டினார்? திருப்பத்தான் செய்தார். அரைக் கன்னத்து நுரையோடு முகம் தானாகச் சன்னல் பக்கம் போய்விட்டது. சன்னலுக்கு வெளியே நாலு எட்டில் தகரக் கூரை போட்ட கொட்டகை. அதற்குள்ளிருந்து சரக், சரக் என்று இரும்பை இரும்பு சுரண்டும் சத்தம் காலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிற மனிதருக்கு ஒவ்வொரு மூச்சும் பெரும்பாடு. ஆனாலும் காது மட்டும் அந்தக் கொட்டகையிலேயே கிடந்தது.

"நின்னுடுச்சாடா?"

"எது?"

"சுரண்டுற சத்தம்."

"அதெல்லாம் நிக்கல. உங்க ரெண்டு அங்கதான் இருக்கார். இந்தப் பக்கம் திரும்புங்க."

'உங்க' என்பதை ஒரு அழுத்து அழுத்தித்தான் சொன்னார். பெரியவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, சமர்த்தாகத் திரும்பினார்.

ரெண்டு என்பது ஒரு மனிதரின் பெயர். அதாவது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்தது; அது யாருக்கும் ஞாபகமில்லை. விமானப்படையில் நாலு விமானம் சேர்ந்து பறந்தால் முன்னால் போகிறவர் லீடர். அவர் இறக்கையை ஒட்டியே வருகிறவர் இரண்டாம் நம்பர். பெரியவர் லீடராக இருந்த காலத்தில் அந்த மனிதர் இரண்டாம் நம்பர். இரண்டு பேரும் ஓய்வு பெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் இவர் அவரை ரெண்டு என்பார், அவர் இவரை லீடர் என்பார். கூடப் பிறந்தவன் ஒருத்தன் குத்துக்கல் மாதிரி பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்பது இரண்டு பேருக்கும் மறந்தே போனது போல இருக்கும்.

அண்ணி வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தாள். கணவர் முகத்தை எட்டிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே தம்பி. கல்யாணத்தன்னிக்குக்கூட இவர் இவ்வளவு சுத்தமா ஷேவ் பண்ணிக்கல. அவசரத்துல மோவாயில ஒரு கொத்து விட்டுட்டு வந்து நின்னார்."

"உன் அவசரம்" என்றார் பெரியவர். அதற்குள் இருமல் வந்துவிட்டது. அண்ணி முதுகைத் தடவிக்கொண்டே முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டாள். நுரையீரல் இறுகிவிட்டது, இனிமேல் இங்கே வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லி அன்றைக்கு ஐந்தாவது நாள்.

இருமல் அடங்கியதும் சின்னவர் ஈரத்துணியால் அண்ணனின் கையைத் துடைத்தார். வலது கட்டைவிரலில் குறுக்கே ஒரு பழைய தழும்பு. அதன்மேல் துணி ஒரு நொடி நின்றது. ஒன்பது வயதில் அண்ணன் டப்பா மூடியை வெட்டி ஒரு தகர விமானம் செய்தான். ஐந்து வயதுத் தம்பிக்கு அது வேண்டும். தம்பி இழுக்க, அண்ணன் விடாமல் பிடிக்க, தகரம் எலும்புவரை போய்விட்டது. அம்மா பதறிக்கொண்டு ஓடி வந்து கேட்டபோது, "நானே வெட்டிக்கிட்டேன்மா" என்றான் அண்ணன். தம்பி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. யாரும் பிறகு எடுத்ததில்லை.

"இன்னிக்கு ரெண்டு மெஷினை ஓட்டப் போறான்" என்றார் பெரியவர். "ஒரு சாண் கம்பி கடைஞ்சு என் கையில குடுக்கறேன்னிருக்கான். இந்தத் தடவை நேரா வரணும்."

"வரும், வரும்."

"வந்தா நல்லா இருக்கும்டா. ஒரே ஒரு கம்பி. ரெண்டு முனையும் ஒரே அளவுல. தொட்டுப் பாத்துட்டா போதும்."

சின்னவர் பிளேடை மக்கில் அலசினார். அலசிக்கொண்டே இருந்தார். அந்தக் கம்பி நேராக வராது என்பது அவருக்குத் தெரியும். ஏன் வராது என்பதும் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும்.

பொறாமை என்றால் அப்படி இப்படிப் பொறாமை இல்லை. அதற்கு வேர் எங்கேயோ இருந்தது. சின்னவருக்கும் பறக்க ஆசை இருந்தது. அண்ணன் தேர்வாகிப் போன நாலாவது வருஷம் அவரும் போய் வரிசையில் நின்றார். எழுத்துப் பலகையின் கடைசி இரண்டு வரி தெரியவில்லை என்று கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் பம்பு தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் லேத் முன்னால் நின்று இரும்பு கடைந்தார். தூரத்தில் இருப்பதுதான் அதற்குத் தெரியாது. கிட்டத்தில் இருப்பது எதுவும் தப்பாது. மைக்ரோமீட்டரை எடுப்பதற்கு முன்பே, "இது ஒரு முடியளவு கூட இருக்கு" என்று சொல்லிவிடுவார். எடுத்து அளந்தால் கூடத்தான் இருக்கும். தொழிற்சாலையில் அவரை டர்னர் என்றால் போதும், வேறு டர்னர் இல்லை என்பது போலப் பேசுவார்கள். ஆனால் தொழிற்சாலையின் கேட்டைத் தாண்டிவிட்டால் அவர் பைலட்டின் தம்பி. விசேஷ வீடுகளில் அண்ணனைச் சுற்றி ஆண்களும் பெண்களும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேகத்துக்குள்ளே போனால் எப்படி இருக்கும், பயமாக இருக்காதா என்று கேள்வி மேல் கேள்வி. சின்னவரிடம் ஒருத்தராவது வந்து இன்றைக்கு என்ன கடைந்தாய் என்று கேட்டதுண்டா?

சரி, வானம் அண்ணனுக்கு, லேத் தனக்கு என்று மனசைத் தேற்றிக்கொண்டு வாழ்ந்த மனிதர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பார்த்தால், அண்ணன் வீட்டு வாசலில் லாரி நிற்கிறது. மேலே துரு ஏறிய ஒரு பழைய லேத். எங்கேயோ இழுத்து மூடிய பட்டறையிலிருந்து அண்ணனும் ரெண்டுவும் போய்க் கொண்டுவந்திருக்கிறார்கள். சுத்தம் பண்ணி, பழையபடி ஓட வைக்கப் போகிறார்களாம்.

ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் லேத்தோடு குடித்தனம் பண்ணினவன் பக்கத்து வீட்டில் இருக்கிறான். அரத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத இரண்டு பைலட்டுகள் போய் லேத் வாங்கி வருகிறார்கள். சின்னவருக்கு வயிறு எரிந்தது. வானத்தையும் எடுத்துக்கொண்டார், இப்போது இதையும் எடுத்துக்கொண்டார் என்று தோன்றியது.

"டேய், வந்து பாரேன்" என்று அண்ணன் கூப்பிடத்தான் செய்தார். சின்னவர் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சுற்றி ஒரு நடை நடந்தார். "எடைக்குப் போட்டுட்டு வேற வேலை இருந்தா பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்பதற்கும் சேர்த்து சின்னவருக்குக் கோபம்.

கொட்டகையின் பின்பக்கம்தான் சின்னவர் வீட்டுச் சமையலறைச் சன்னல். மனைவி போனதற்குப் பிறகு அவரே சமைத்து அவரே கழுவிக்கொள்கிற வீடு. ஒரு டம்ளரை அரை மணி நேரம் கழுவுவார். கொட்டகையில் இரண்டு பேரும் துருவைத் தேய்த்துக்கொண்டே பேசுவது ஒரு சொல் விடாமல் காதில் விழும். எந்த ஊர் ஓடுபாதை குட்டை, எந்த அதிகாரி தரையிறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், எல்லாம் அவருக்கு மனப்பாடம். இத்தனை வருஷத்தில் தன்னிடம் அண்ணன் இதில் கால்வாசிகூடச் சொன்னதில்லை. தான் கேட்டதில்லை என்பது அவருக்கு அந்த நேரம் ஞாபகம் வராது.

அதிலும் ஒரு கதை அடிக்கடி வரும். பயிற்சிக்காக நாலு விமானங்கள் தாழப் பறந்துகொண்டிருந்தன. ரேடியோவில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. பாதி வழியில் லீடரின் இறக்கையிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு போவதை ரெண்டு பார்த்துவிட்டார். எரிபொருள் மூடியைச் சரியாகப் பூட்டவில்லை, ஒழுகிக்கொண்டே போகிறது. உத்தரவாவது ஒன்றாவது என்று ரெண்டு வாயைத் திறந்து சொல்லிவிட்டார். லீடர் திரும்பித் தரையிறங்கியபோது தொட்டியில் இன்னும் இரண்டு நிமிஷத்துக்குத்தான் இருந்ததாம். இந்தக் கதையை முடிக்கும்போது பெரியவர் எப்போதும் குரலை உயர்த்துவார்: "கண்ணால பாத்துட்டுச் சொல்லாம இருந்தா, பக்கத்துல பறந்து என்னடா பிரயோஜனம்?"

ரெண்டு சிரிப்பார். சன்னலுக்கு இந்தப் பக்கம் சின்னவர் டம்ளரை நங்கென்று வைப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மெஷினைப் பூட்டி முடித்தார்கள். ஊர் கூட்டாத குறையாக அண்ணி வந்து கூப்பிட்டாள். "வாங்க தம்பி, நீங்க பாக்காம அவருக்குத் திருப்தியே இல்லை." போனார். உள்ளதைச் சொல்ல வேண்டும் இல்லையா? அசந்துதான் போனார். துருப்பிடித்த மூட்டை அங்கே இல்லை. கரும்பச்சை பெயிண்டில் பளபளவென்று ஒரு லேத் நின்றது. பல்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துடைத்து, எண்ணெய் போட்டு, எழுத்துத் தகட்டைக்கூடத் தேய்த்து மின்ன வைத்திருந்தார்கள். சின்னவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

அப்போதுதான் பார்த்தார். சுழல்கிற பாகத்தைத் தாங்குகிற பெரிய வார்ப்புப் பெட்டி, ஹெட்ஸ்டாக் என்பார்கள், அது அடித்தளத்தின்மேல் உட்காருகிற இடத்தில் முடி அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு. இரும்பும் இரும்பும் சேருகிற இடம் அம்மணமாக இருக்க வேண்டும். தூசி ஒட்டியிருந்தாலே ஆகாது. இவர்கள் ஆசை ஆசையாக அந்த இடத்துக்கும் பெயிண்ட் அடித்து, அதன்மேல் ஹெட்ஸ்டாக்கை உட்கார வைத்திருக்கிறார்கள். விமானத்துக்கு ஒரு இடம் விடாமல் பெயிண்ட் அடித்துப் பழகிய கண்; அவர்களுக்கு அது தப்பாகவே படவில்லை. பெயிண்ட் எல்லா இடத்திலும் ஒரே கனமாகவா இருக்கும்? பெட்டி கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். கடைகிற கம்பி ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்துதான் வரும்.

வாயைத் திறந்தார் சின்னவர். சொல்லத்தான் திறந்தார்.

"எப்படித் தம்பி நம்ம பெயிண்ட்?" என்றார் ரெண்டு. "நானும் லீடரும் மூணு கோட்டு அடிச்சோம்."

அண்ணன் சிரித்துக்கொண்டே ரெண்டுவின் தோளில் கையைப் போட்டார்.

அண்ணி தம்பி என்று கூப்பிடலாம், அவளுக்கு உரிமை இருக்கிறது. இந்த ஆள் யார் தம்பி என்று கூப்பிட? அந்தக் கை யார் தோளில் இருந்திருக்க வேண்டும்? சின்னவர் வாயை மூடிக்கொண்டார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அன்றைக்கு இரண்டு மணி நேரம் பாத்திரம் கழுவினார்.

கம்பி கோணலாகத்தான் வந்தது. அடித்தளம் தேய்ந்திருக்கிறது, அதனால்தான் என்று அவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. மறுநாளிலிருந்து, அதைச் சமப்படுத்தத்தான் போல, சரக், சரக் என்று சுரண்டல் ஆரம்பித்தது. சின்னவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியில் சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் இருந்தது. கேட்கட்டும், என்னிடம் வந்து கேட்கட்டும், அந்த நிமிஷமே சொல்கிறேன் என்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷம் நின்றார்.

கொட்டகையில் சுரண்டும் சத்தம் நின்றது. மோட்டார் ஓடும் சத்தம் எழுந்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவர் முகம் இல்லை அது. மிச்சமிருந்த நுரையைத் துடைத்துவிட்டு சின்னவர் காத்திருந்தார். போய்ச் சொல்லிவிடலாம். ஹெட்ஸ்டாக்கைத் தூக்கி, பெயிண்டைச் சுரண்டி, திரும்ப வைத்து நிறுத்த அரை நாள் போதும். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நேரான கம்பியை அண்ணன் கையில் வைத்துவிடலாம். எழுந்துகூட நின்றுவிட்டார்.

மோட்டார் நின்றது. ரெண்டு உள்ளே வந்தார். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர். கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு சாண் நீளக் கம்பி. கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பெரியவரின் இடது கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, வலது கையில் கம்பியை வைத்தார்.

பெரியவர் கட்டைவிரலால் கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லத் தடவினார். திரும்ப ஒரு தடவை. உதட்டோரம் சிரிப்பு வந்தது.

"இந்தப் பக்கம் பருமன்."

"ஆமா லீடர்" என்றார் ரெண்டு.

பெரியவர் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தார். "சின்னவனே. நீ சொல்லு. எங்கேடா தப்பு?"

கேட்டுவிட்டார். எட்டு வருஷமாக எதிர்பார்த்தது வந்தேவிட்டது. இப்போது சொன்னால், உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு வருஷமாக என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் அந்த ஆள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது?

"தெரியலையே அண்ணா" என்றார்.

பெரியவர் கம்பியைப் போர்வைமேல் வைத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"சரி, விடு."

பெரியவர் வலது கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மழமழன்னு இருக்குடா. உனக்கு நல்ல கை."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. மத்தியானம் சாப்பிடுகிற நேரம் தாண்டி, அண்ணி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. கம்பி போர்வைக்கு மேலேயே கிடந்தது. அண்ணி குரல் எடுத்து அழுதாள். ரெண்டு எழுந்து, சட்டையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, விறைப்பாக நின்றார். சின்னவர் ஆக்சிஜன் குழாயை எடுத்து, வளையம் வளையமாகச் சுருட்டினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பழைய விமானப்படைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருத்தராக வந்து ரெண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இரு" என்றார்கள். சின்னவர் வாசல் தூணை ஒட்டி நின்றார். மீசைக்காரர் ஒருத்தர் அவரிடம் வந்து, "நீங்க?" என்று கேட்டார்.

"தம்பி."

"ரெண்டுவுக்கா?"

சின்னவர் தூணின் மறுபக்கம் போய் நின்றார். நேற்றுப் போன அண்ணனைப் பார்த்துக்கூட இப்படிக் கோபம் வருமா ஒரு மனிதனுக்கு? வந்தது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அதை விட்டால், 'தெரியலையே அண்ணா' என்று சொன்ன குரல் காதில் கேட்டது.

நாலாம் நாள் காலை அவருக்கு அந்தக் குரல் தாங்கவில்லை. கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ரெண்டு ஒரு ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார். எதிரில் இன்னொரு ஸ்டூல் காலியாக இருந்தது. சின்னவர் அதில் உட்காரவில்லை. நின்றுகொண்டே, தொண்டையைக் கூடச் செருமாமல் சொன்னார்.

"ஹெட்ஸ்டாக்குக்கு அடியில பெயிண்ட் இருக்கு. அதான் கம்பி கோணலா வருது. மெஷினைப் பூட்டின அன்னிக்கே பாத்துட்டேன். சொல்லல."

ரெண்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"தெரியும் தம்பி."

"என்ன தெரியும்?"

"பெயிண்ட் இருக்கறதும் தெரியும், நீங்க பாத்ததும் தெரியும். அன்னிக்கு நீங்க மெஷினைப் பாத்தீங்க. லீடர் உங்க கண்ணைப் பாத்தார். நீங்க போனப்புறம் நீங்க குனிஞ்ச இடத்திலேயே அவரும் குனிஞ்சு ஒரு மணி நேரம் தேடினார். 'நாம வெட்டி வேலை பண்ணிட்டோம்டா, சின்னவன் கண்டுபிடிச்சுட்டான்'னு ஒரே சிரிப்பு. அவ்வளவு சந்தோஷமா நான் அவரை ஓடுபாதையிலகூடப் பாத்ததில்லை."

சின்னவர் லேத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஏன் சரி பண்ணல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நாமளே சரி பண்ணிட்டா அவன் எதுக்குடா வருவான்? அவனா வந்து சொல்லட்டும்'னார்."

"ரெண்டு வருஷமா அடித்தளத்தைச் சுரண்டினீங்களே! தினம் கேட்டேனே!"

ரெண்டு மூலையைக் காட்டினார். அங்கே மேசைமேல் ஒரு சப்பட்டையான பழைய இரும்புப் பலகை கிடந்தது. நடுப்பகுதி தேய்ந்து, குழிந்து, முகம் பார்க்கிற மாதிரி மின்னியது.

"இதைத்தான் சுரண்டினோம். உங்க சன்னலுக்குக் கேக்கணும் இல்ல? அடித்தளத்துல ஒரு கீறல் விழக்கூடாது, விழுந்தா டர்னர் மன்னிக்க மாட்டான்னுட்டார்."

சின்னவருக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. "ரெண்டு கிழங்க சேர்ந்து பண்ற வேலையா இது?" என்றார். "நேரா என்னைக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டாரே" என்றார் ரெண்டு.

சின்னவர் பிடித்திருந்த கைப்பிடியை விட்டார்.

"அந்தக் கம்பி அதுக்காகத்தான் தம்பி. மெஷினை ஒரு தடவை ஓட்டுடா, கடைசியா ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன்னார்." ரெண்டு தன் எண்ணெய்க் கறை படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு உங்கமேல பொறாமை. எட்டு வருஷம் தினம் இந்த ஸ்டூல்ல உக்காந்தது நான். ஆனா அவர் காது பூரா உங்க சன்னல்லதான் இருக்கும். டம்ளர் சத்தம் கேட்டா போதும், நான் பேசிட்டு இருக்கும்போதே குரலை உயர்த்திடுவார். அந்த எரிபொருள் கதையை எனக்கு எதுக்குச் சொல்லணும்? பக்கத்துல பறந்தவனே நான்தான்."

இந்த ஆளுக்கா? தன்மேலா? சின்னவர் ரெண்டுவை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். தாடி நாலு நாளாக மழிக்காமல் வெள்ளை வெள்ளையாக முளைத்திருந்தது. தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"தூக்கறதுக்குச் செயின் பிளாக் இருக்கா?" என்று கேட்டார்.

"மேலேயே மாட்டித்தான் இருக்கு. ரெண்டு வருஷமா."

போல்ட்டுகளை சின்னவரே கழற்றினார். எந்தப் போல்ட்டை முதலில் தளர்த்துவது என்று அவர் கைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரெண்டு சங்கிலியை இழுத்தார். கிணுகிணுவென்று ஹெட்ஸ்டாக் அசைந்து, ஒட்டியிருந்த பெயிண்ட் விட்டுக்கொடுக்கும்போது ஒரு சின்ன முனகல் கேட்டு, மேலே எழும்பியது. ரெண்டு அதை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். சின்னவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

பச்சை அப்படியே இருந்தது. ஓரங்களில் கனமாக, நடுவில் மெல்லியதாக, அவர் நினைத்தபடியேதான். வலது பக்க மூலையில் மட்டும் பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று யாரோ அவசரப்பட்டு அழுத்திப் பார்த்த தடம். ஒரு கட்டைவிரல். ரேகைகூட ஒன்றொன்றாகத் தெரிந்தது. குறுக்கே ஒரு கோடு ரேகையை இரண்டாக வெட்டிக்கொண்டு போனது.

"என்ன தம்பி?" என்றார் ரெண்டு, சங்கிலியைப் பிடித்தபடி.

"ஒண்ணுமில்ல."

"பூராவும் எடுக்கணுமா?"

"ஒரு சொட்டு இருந்தாலும் நேரா வராது" என்றார் சின்னவர். "பூராவும் எடுத்துத்தான் ஆகணும்."

மேசையிலிருந்து சுரண்டியை எடுத்தார். அதன் மரப்பிடி அண்ணன் கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. விளிம்பை நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார். பிறகு மெஷினைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், அந்தத் தடத்துக்கு ரொம்பத் தள்ளி இருந்த மூலையிலிருந்து சுரண்ட ஆரம்பித்தார்.